உப்புத் தவிடு

"தின்னு தொலைங்கடி! சீக்கிரம்!"

ஆட்டுப்பட்டிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு கவ்ரிலா கெஞ்சினார். எதிரே பதினான்கு தாயாடுகள் வரிசையாக நின்று, ஐம்பத்தாறு வயது ஆள் ஏன் இப்படித் தரையில் கிடக்கிறார் என்று யோசித்தபடி தவிட்டை மென்றுகொண்டிருந்தன.

படுத்தால்தான் தெருவுக்குத் தெரியாது. பலகை வேலி இடுப்பு உயரம்தான். வேலிக்கு வெளியே அவர் மனைவி பராஸ்கிவா, காய்ந்துபோன துணிகளையே திரும்பத் திரும்பக் கொடியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்தால் இருமவேண்டும். அதுதான் ஏற்பாடு.

"ஏங்க, உப்பு போதுமா?"

"முக்கால் கிலோ கலந்திருக்கேன்டி."

"இன்னும் ரெண்டு கை போடுங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது பாருங்க."

கவ்ரிலா இன்னும் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில், அவர் எந்தக் காரியத்தைத் தொட்டாலும் 'வேணாம்ங்க' என்று ஆரம்பிப்பவள் இவள். இந்த ஒன்றில் மட்டும் தோளோடு தோள் நிற்கிறாள். மகள் கல்யாணம் என்றதும் பெண்களுக்கு எங்கிருந்துதான் இந்தத் துணிச்சல் வருகிறதோ!

பொயெனிட்சா ஊரில் ஆடு வைத்திருக்கும் முப்பத்தொரு வீட்டுக்கும் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுதான் தலையெழுத்தை எழுதும். வெள்ளிக்கிழமை மாலை எல்லா ஆடுகளையும் ஊர்ப் பொதுப்பட்டியில் சேர்த்து, மடியை ஒட்டக் கறந்துவிடுவார்கள். சனிக்கிழமை நண்பகல் அவரவர் ஆட்டை அவரவர் கறக்கவேண்டும். அந்த வாளிக்குள் தலைமேய்ப்பர் வெட்டுக்குறி போட்ட குச்சியை விடுவார். எத்தனை குறி நனைகிறதோ, அந்தக் கணக்கில்தான் கோடை முழுவதும் மலையிலிருந்து சீஸ் இறங்கும். அதற்கப்புறம் ஆடு வாளி வாளியாகக் கொடுத்தாலும் சரி, வெறுமனே கத்திவிட்டுப் போனாலும் சரி, பங்கு மாறாது.

ஆகவே வருடம் முழுக்கக் கடவுளுக்குப் பயந்தவர்கள்கூட அந்த ஒரு நாள் ஆட்டுக்கு எதையாவது செய்துவிட்டு, அப்புறம்தான் பயப்படுவார்கள். உப்பு தின்ற ஆடு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குடித்த ஆடு பால் கொடுக்கும். மாட்டிக்கொண்டால் மட்டும் கதை முடிந்தது. மாட்டியவன் ஆடு மலைக்குப் போகாது. மூன்று வருடம் முன்பு ஒருவன் மாட்டி, கோடை முழுவதும் ரயில் பாதை ஓரத்தில் இருபது ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி நின்றான். ரயிலில் போன முன்பின் தெரியாதவர்கள்கூட அவனுக்கு டாட்டா காட்டினார்கள்.

அந்த டாட்டா கவ்ரிலாவின் கனவில் அடிக்கடி வரும். இருந்தும் துணிந்துவிட்டார். காரணம், சம்பந்தி பின்டியா.

அக்டோபரில் கவ்ரிலாவின் மகள் டோக்கியாவுக்கும் பின்டியாவின் மகனுக்கும் கல்யாணம். பிடில்காரர் யார், பன்றி எத்தனை, பந்தல் யார் வீட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் கவ்ரிலா சண்டை போட்டு, நிச்சயம் இரண்டு தடவை முறிந்து, இரண்டு தடவையும் பராஸ்கிவா கேக் செய்து தூக்கிக்கொண்டு போய் ஒட்டவைத்துவிட்டு வந்தாள். கடைசியாக ஈஸ்டர் விருந்தில், முப்பது பேர் முன்னால் பின்டியா சொன்னார்: "உங்க வீட்டு சீஸ் எலிப்பொறிக்குத்தான் காணும் சம்பந்தி. பந்திக்கு வேண்டியதை நானே கொண்டு வந்துடறேன்."

கவ்ரிலா அன்றைக்கே சபதம் செய்துவிட்டார். இந்த வருடம் அளவில் முதல் பெயர் அவருடையது. கல்யாணப் பந்தியில் அவர் சீஸைத் தின்று பின்டியாவுக்கு விக்கல் எடுக்கவேண்டும்.

வெளியே பராஸ்கிவா இருமினாள்.

ஆனால் இருமலும், வேலிக்கு மேல் ஒரு தொப்பியும் ஒன்றாகத்தான் வந்தன. தொப்பிக்குக் கீழே பின்டியா.

"என்ன சம்பந்தி, தரையில?"

"மோதிரம்... மோதிரத்தைத் தேடறேன்."

"விரல்லதான் இருக்கு."

"ஆங்! கிடைச்சிடுச்சு பாருங்க!"

பின்டியா சாவகாசமாக வேலிக்குள் கையை நீட்டி, தவிட்டுத் தொட்டியில் விரலை விட்டு, நாக்கில் வைத்துக்கொண்டார். கவ்ரிலாவின் காதுக்குள் எங்கோ ரயில் கூவியது.

பின்டியா கண்ணை மூடிச் சுவைத்தார். திறந்தார்.

"நல்ல தவிடு" என்றார். விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

"போச்சு!" கவ்ரிலா எழுந்து உட்கார்ந்தார். "நேரா தலைமேய்ப்பர் தோடெர்கிட்டதான் போறான். தொட்டியைப் பார்த்தா மாட்டிக்குவோம்டி. எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சிடலாமா?"

"புதைச்சா நாய் தோண்டிடும்ங்க. ஆட்டு வயித்துக்குள்ள போட்டுடுங்க. அங்க யாரு தேடப்போறா?"

நியாயமாகப் பட்டது. மூன்று வேளைக்கு என்று வைத்திருந்த தவிட்டை அரை மணி நேரத்தில் ஆடுகளுக்குள் ஏற்றினார்கள். தொட்டி பளபளவென்று ஆனது. சாட்சியம் இல்லை.

சாட்சியம் கால் மணி நேரம் கழித்துப் பேச ஆரம்பித்தது.

முதலில் ஒரு ஆடு கத்தியது. அப்புறம் பதினான்கும். தண்ணீர்த் தொட்டியைக் கடைசிச் சொட்டுவரை நக்கிவிட்டு, தொட்டிப் பலகையையும் நக்கிவிட்டு, கவ்ரிலாவின் வியர்வை வழிந்த நெற்றியை நக்க வந்தன. அவர் கிணற்றில் இறைத்து ஊற்றிய நான்கு வாளி, கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. ஐந்தாவது வாளிக்கு அவர் முதுகைத் திருப்பியபோது வேலி 'மடார்' என்றது.

"ஏங்க! ஓடுதுங்க!"

பதினான்கு ஆடுகளும் தெருவில் ஏறிவிட்டன. தண்ணீர் வாசனை எங்கே வருகிறதென்று மூக்கைத் தூக்கிப் பார்த்தன. பார்த்தது கோயில் பக்கம்.

அன்று ஈஸ்டர் முடிந்த முதல் வெள்ளி. காலைப் பூசையில் பாதிரியார் இரண்டு பெரிய மரத்தொட்டி நிறையத் தண்ணீரை மந்திரித்து, கோயில் முற்றத்தில் வைத்திருந்தார். மாலையில் ஊரே புட்டியோடு வந்து வாங்கிப்போகும்; வருடம் முழுக்க வீட்டில் வைத்துக்கொள்ளும்.

கவ்ரிலா மூச்சிரைக்க முற்றத்துக்குள் நுழைந்தபோது முதல் தொட்டி காலி. இரண்டாவதில் பதினான்கு தலைகள்.

"கவ்ரிலா!"

படியில் பாதிரியார். தாடி காற்றில் ஆடியது.

"சாமி... அது வந்து... பக்தி சாமி."

"ஆட்டுக்கா?"

"எங்க வீட்டு ஆடு, சாமி. நாங்க எப்படியோ அதுங்களும் அப்படித்தானே?"

பாதிரியார் கீழே இறங்கி வந்தார். ஒரு ஆட்டின் வாயைப் பிரித்து நாக்கைப் பார்த்தார். நாக்கு முழுக்கத் தவிடு. அவருக்கும் ஒன்பது ஆடு உண்டு. இந்த வித்தையெல்லாம் மனிதருக்கு அத்துப்படி. போன வருடம் கோயில் பிரசங்கத்திலேயே 'ஆட்டுக்கு உப்பு ஊட்டுகிறவர்கள் நரகத்தில் தண்ணீர் கேட்பார்கள்' என்று விரலை ஆட்டியவர் அவர்.

"நாளைய அளவுக்கா?" என்றார் மெதுவாக.

"ஐயோ, இல்ல சாமி! ஆண்டவர் மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் எதுக்குப்பா." பாதிரியார் ஆட்டின் தலையைத் தடவினார். "குடிக்கட்டும். நல்லா குடிக்கட்டும். பாவம், வாயில்லா ஜீவன்." சிலுவைக்குறியும் போட்டார், பதினான்கு தலைக்கும் பொதுவாக. "முடிஞ்சதும் தொட்டி ரெண்டையும் நிரப்பிடு. நாற்பது வாளி பிடிக்கும்."

நாற்பத்துமூன்று பிடித்தது. கடைசி வாளியை ஊற்றும்போது கவ்ரிலாவின் கை முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. சாமியே ஆசீர்வாதம் பண்ணிவிட்டார். இனி என்ன?

இனி வயிறு.

மாலையில் பொதுப்பட்டிக்கு வந்து சேர்ந்த கவ்ரிலாவின் ஆடுகள் நடந்து வரவில்லை, உருண்டு வந்தன. தவிடும் தண்ணீரும் உள்ளே சேர்ந்து ஊறி, ஒவ்வொன்றும் பீப்பாயாகியிருந்தது. கால்கள் பக்கவாட்டில் ஒட்டவைத்த மாதிரி தெரிந்தன.

தலைமேய்ப்பர் தோடெர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். இரண்டு முழங்காலும் பழுது. அவரிடம் மூன்று வருடமாக வேலை பார்த்த ஆட்கள் ஜெர்மனிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்விட்டார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் கண் மட்டும் பருந்து. இரண்டு வருடம் முன்பு பின்டியாவின் வாளியில் ஒரு நுரை அதிகமாக இருக்கிறதென்று வாளியையே கவிழ்த்தவர்.

தோடெர் முதல் ஆட்டின் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். உள்ளே 'களக்' என்றது. காதை வைத்துக் கேட்டார்.

"ஆறு ஓடுதே கவ்ரிலா."

"தாகம்ணே. காலையிலேர்ந்து என்னா வெயில்!"

தோடெர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்று மணி நேரமாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் தொப்பி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு மூக்கின்மேல் விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"ஆமாப்பா," என்றார். "கொடுமையான வெயில்." அடுத்த வீட்டு ஆட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

கவ்ரிலா மனைவி பக்கம் சாய்ந்தார். "பராஸ்கிவா, அந்த ஆளுக்குக் கண்ணு போயிடுச்சா?"

"உங்க நல்ல நேரம்ங்க" என்றாள் பராஸ்கிவா. "நீங்க முதல்ல வரணும்னு நானும் வேண்டிக்கிட்டேதான் இருக்கேன்."

மடியை ஒட்டக் கறந்து முடித்ததும் ஆடுகள் ஒவ்வொன்றாகப் படுத்து முனக ஆரம்பித்தன. வயிறு உப்பின ஆட்டை நடக்கவிடவேண்டும், இல்லையேல் ஆபத்து என்றாள் பராஸ்கிவா. கவ்ரிலா நடத்தினார். பட்டியைச் சுற்றி, வேலியோரமாக, மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி. ஆடுகளுக்கு வயிறு வடிந்தது. கவ்ரிலாவுக்குக் கால் வீங்கியது.

சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் வயிறு மட்டுமா வடிந்திருந்தது? மடிகள் துவைத்துப் போட்ட சாக்ஸ் மாதிரி தொங்கின.

"அத்தனையும் நடந்தே கரைச்சிடுச்சுங்கடி!" கவ்ரிலா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தார்.

பட்டியின் மறுகோடியில் பின்டியா குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தார். உடம்பில் கனத்த கம்பளிக் கோட்டு. வயிற்றுப் பக்கம் பெரிய புடைப்பு. கவ்ரிலா எதிரில் போய் நின்றார்.

"என்ன சம்பந்தி, கோட்டுக்குள்ள?"

"வயிறு. ராத்திரியிலேர்ந்து சரியில்ல."

வயிறு 'மே' என்றது.

"ரொம்பவே சரியில்ல" என்றார் பின்டியா. விறுவிறுவென்று போய்விட்டார்.

கவ்ரிலா ஒளிந்திருந்து பார்த்தார். பின்டியா கோட்டைத் திறந்தார். உள்ளிருந்து குதித்தது ஒரு குட்டி. தாயின் மடியைப் போய் முட்டி, வாலை ஆட்டி ஆட்டி உறிஞ்சியது. பின்டியா பக்கத்தில் நின்று அதற்கு முதுகைத் தட்டிக்கொடுத்தார். அது முடித்ததும் தூக்கி அடுத்த ஆட்டுக்கு மாற்றினார்.

கவ்ரிலா ஓடி வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, உன் சம்பந்திக்கு மூளை கலங்கிப் போச்சு! அளவு நாளன்னிக்குக் குட்டிக்குப் பால் விடறான்! இருக்கிறதையும் உறிஞ்சிட்டுப் போகுது!"

"ஐயோ பாவம்," என்றாள் பராஸ்கிவா. "வயசாகுதில்ல? நீங்க கண்டுக்காதீங்க. நம்ம வேலையைப் பார்ப்போம். பீர் குடுப்போமா?"

"யாருக்கு?"

"ஆட்டுக்குத்தாங்க. டோக்கியாவைப் பெத்தப்ப எங்கம்மா எனக்குக் குடுத்தாளே, பால் சுரக்கணும்னு. மறந்துட்டீங்களா? ஒரு பெட்டி கொண்டாந்திருக்கேன்."

ஒரு பெட்டி பீர்! கேட்காமலே! கவ்ரிலா மனைவியை இமைக்காமல் பார்த்தார். இவளைப் போய் இத்தனை வருடமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

வாளியில் ஊற்றித் தண்ணீர் காட்டுவது போல் காட்டினார்கள். பதினான்கு ஆடும் குடித்தன. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் கவ்ரிலாவும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் மடிகள் மெல்ல மெல்லத் திரண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கூடவே கண்கள் மெல்ல மெல்ல மூடுவதையும். ஒரு ஆடு மட்டும் தூங்காமல், தலையை வேலியில் சாய்த்துக்கொண்டு நீளமாக ராகம் இழுத்தது.

கோயில் மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். பிடில்காரர்கள் வந்துவிட்டார்கள். புல்வெளியில் மேசை போட்டு சோளக்களிப் பானையும் பாலிங்காச் சாராயமும் வைத்தாகிவிட்டது. முப்பது வீட்டாரும் கறக்க உட்கார்ந்துவிட்டார்கள். முப்பத்தோராவது வீட்டு ஆடுகள் குறட்டை விட்டன.

"எழுந்திருங்கடி! கல்யாணம் நின்னுடும்டி!" கவ்ரிலா ஒன்றைக் கட்டிப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அடுத்ததைத் தூக்கும்போது முதலாவது மடங்கிச் சரிந்தது.

"தள்ளுங்க" என்றாள் பராஸ்கிவா. கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி, ஜில்லென்று, மொத்தமாக ஆடுகளின்மேல் வீசினாள்.

எழுந்தன. எழுந்ததோடு நிற்கவில்லை. போதையும் திகிலும் சேர்ந்து, பதினான்கும் பதினான்கு திசையில் பாய்ந்தன. ஒன்று பிடில்காரரின் கால்களுக்கு நடுவே புகுந்தது. ஒன்று மேசைக்கு அடியில் போய், மேசையை முதுகில் சுமந்துகொண்டு மறுபக்கம் வந்தது. ராகம் இழுத்துக்கொண்டிருந்த ஆடு நேராகப் பின்டியாவை நோக்கிப் போய், அவர் கறந்து வைத்திருந்த வாளியை முட்டியது.

வாளி உருண்டது. பால் புல்லில் பரவியது.

பிடில் நின்றது. கவ்ரிலாவின் உயிரும் ஒரு கணம் நின்றது. அளவு நாளில் ஒருவனுடைய பாலைக் கொட்டுவது அவன் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். இந்த முறை எத்தனை கேக் செய்தாலும் ஒட்டாது. போச்சு, டோக்கியாவின் கல்யாணம்.

"சம்பந்தி," என்று இழுத்தார், "நான்... வேணும்னே இல்ல..."

பின்டியா வாளியைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாலுதானே சம்பந்தி! போனா போகுது!"

"கோ... கோபமில்லையா?"

"நமக்குள்ள என்ன கோபம்? வாங்க, வாங்க, உங்க ஆட்டைப் பிடிப்போம். நேரமாச்சு!"

பின்டியாவே ஓடினார். ஒவ்வொரு ஆடாகக் காதைப் பிடித்து இழுத்து வந்தார். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றைப் பிடித்துக் கொடுத்தார். தோடெர், முழங்கால் வலிக்கிற மனிதர், மண்டியிட்டு ஒரு ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார், கவ்ரிலா சௌகரியமாகக் கறக்கட்டும் என்று. கவ்ரிலா கறந்தார். பால் கயிறு கயிறாக இறங்கியது.

கடைசி ஆடு முடிந்ததும் பின்டியா தன் வாளியோடு வந்தார். கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"சம்பந்தி, இதுல அடியில கொஞ்சம் கிடக்கு. எனக்கு எதுக்கு இவ்வளவு? பாதியை உங்க வாளியில ஊத்திடறேன்."

கவ்ரிலா வாளியைக் கையால் மூடினார். இதில் ஏதோ சதி இருக்கிறது. பின்டியா என்கிற மனிதர் இதுவரை யாருக்கும் எதையும் ஊற்றியதில்லை, சாராயம் உட்பட.

"பாசத்தோட குடுக்கிறார், வாங்கிக்கோங்க" என்று பராஸ்கிவா கவ்ரிலாவின் கையை எடுத்துவிட்டாள். பால் உள்ளே போனது.

அளவு ஆரம்பித்தது. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் சவேட்டா, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பராஸ்கிவாவுக்கு அண்ணன் மகள் முறை. தோடெர் குச்சியை விட்டார்.

"பின்டியா. அரைக் குறி."

போன வருடம் ஒன்பது! கவ்ரிலா ஓரக்கண்ணால் பார்த்தார். பின்டியா சிலுவைக்குறி போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதிரியார். ஒன்றரை."

"கடவுளுக்குத் தோத்திரம்" என்றார் பாதிரியார்.

வரிசையாக இப்படித்தான். மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்றேகால். மேல்தெருக்காரர் ஒருவருக்கு நாலரை வந்துவிட்டது. அவர் வெளிறிப்போய், 'குச்சியைச் சரியாகப் பிடித்தீர்களா' என்று கேட்டு இரண்டாம் தடவை அளக்கச் சொன்னார். நாலரையேதான். அவர் மனைவி அழுதுவிட்டாள். 'இருங்கம்மா, இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு' என்று யாரோ தேற்றினார்கள்.

இந்த ஊரில் இந்த வருடம் புல்லே சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கவ்ரிலா. அல்லது மற்றவர்களுக்கு ஆடு வளர்க்கத் தெரியவில்லை.

"கவ்ரிலா."

ஊர் முழுக்கக் கிட்டே வந்தது. தோடெர் குச்சியை விட்டார். எடுத்தார். குனிந்து எண்ணினார்.

"பதினொண்ணு."

ஒரு பெருமூச்சு எழுந்தது, முப்பது வீட்டிலிருந்தும் சேர்ந்தாற்போல. ஆனால் தோடெர் நகரவில்லை. விரலைப் பாலில் தொட்டு நாக்கில் வைத்தார். புருவம் மேலே போனது. வாளிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். புருவம் இன்னும் மேலே போனது.

கவ்ரிலாவின் உடம்பில் இருந்த எல்லா நீரும் நெற்றிக்கு வந்துவிட்டது. உப்பு. பீர். பதினான்கு ஆடு, ரயில் பாதை, டாட்டா. கல்யாணப் பந்தியில் பின்டியாவின் சீஸ்.

"கவ்ரிலா" என்றார் தோடெர்.

"அண்ணே..."

"இது பாலுதானே?"

"பாலுதாண்ணே!"

"அவன் பாலுன்னு சொல்றான்." தோடெர் ஊரைப் பார்த்தார். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல!" என்றது ஊர், ஒரே குரலில். பாதிரியாரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

"எழுதிக்கோம்மா சவேட்டா. பதினொண்ணு. முதல் அளவு!"

பிடில்கள் வெடித்தன. தொப்பிகள் பறந்தன. மேல்தெருக்காரர் மனைவி ஓடி வந்து கவ்ரிலாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிப் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது ஊர் எவ்வளவு நல்ல ஊராகத் தெரிந்தது! ஒருத்தர் முகத்திலாவது பொறாமை? இல்லை. அத்தனை பேரும் அவருக்காகச் சந்தோஷப்படுகிறார்கள். கவ்ரிலா அழுதார்.

கீழே இறங்கியதும் பின்டியாவின் எதிரில் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தினார்.

"எலிப்பொறிக்குக் காணுமா சம்பந்தி?"

"ஊருக்கே காணும்! நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன்." பின்டியா அவரை இறுகக் கட்டிக்கொண்டார். "கல்யாணத்துல உங்க சீஸ்தான். பிடில்காரங்க, பந்தல், பன்றி, எதைப் பத்தியும் நீங்க கவலைப்படாதீங்க. நானும் சம்பந்தியம்மாவும் பேசி முடிச்சுக்கறோம்."

பராஸ்கிவா அடக்கமாகத் தலையாட்டினாள்.

அடுத்து தோடெர் வந்தார். தோளிலிருந்த நீளமான ஆட்டுத்தோல் போர்வையைக் கழற்றி, கவ்ரிலாவின் தோளில் போர்த்தினார். அப்பா, என்ன கனம்! கையில் கோலையும் கொடுத்தார். தலைமேய்ப்பர் தன் போர்வையைப் போர்த்தி மரியாதை செய்வதென்றால் சும்மாவா? கவ்ரிலா ஊருக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டார், யாராவது போட்டோ எடுப்பார்கள் என்று.

யாரோ மூன்று பெரிய நாய்களின் சங்கிலியைக் கொண்டுவந்து அவர் இடது கையில் கொடுத்தார்கள். இன்னொருவர் சீஸ் காய்ச்சும் செப்புக் கொப்பரையைத் தூக்கி வந்து காலடியில் வைத்தார். அப்புறம் ஊர் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வழியின் கடைசியில் மலை தெரிந்தது. உச்சியில் பனி இன்னும் கரையவில்லை.

பராஸ்கிவா ஒரு மூட்டையோடு வந்தாள். அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். கவ்ரிலா பிரித்துப் பார்த்தார். கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி. ஷேவிங் ரேஸர். குளிர் தொப்பி. முட்டிக்குத் தடவுகிற தைலம். எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்ததுபோல் ஒழுங்காக.

"இது எதுக்குடி?"

அவள் எட்டி அவர் காலரைச் சரிசெய்தாள். முப்பது வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததே இல்லை.

"என்ன நடக்குது இங்க?" கவ்ரிலா சுற்றிலும் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். பின்டியா தன் பூட்ஸைப் பார்த்தார். தோடெர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். கடைசியில், நோட்டை மூடிக்கொண்டிருந்த சவேட்டாதான் நிமிர்ந்தாள்.

"என்ன மாமா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? மேய்க்க ஆள் கிடைக்கலைன்னு, இந்த வருஷம் யாருக்குப் பால் அதிகமோ அவரே கல்யாண சீசன் வரைக்கும் மலையில தங்கி முந்நூறு ஆட்டையும் மேய்க்கணும்னு கூட்டத்துல முடிவாச்சே... உங்களுக்குப் பதிலா வந்து, அந்த யோசனையைச் சொல்லி, முதல்ல கையைத் தூக்கினதே நம்ம அத்தைதானே!"